நீலக்கோடு நின்ற இடம்

பலகையில் புள்ளி விழவில்லை.

மேசைமேல் வைத்திருந்த லேசரிலிருந்து கிளம்பிய கோடு, தம்பி தூவிவிட்டிருந்த முகப்பவுடரின் தூசைக் கிழித்துக்கொண்டு நூல் பிடித்ததுபோல் நேராகத்தான் போனது. நாற்பது தப்படி தள்ளி, கதவின் உட்பக்கம் கம்பி கட்டித் தொங்கவிட்டிருந்த சிமெண்ட் பலகைமேல் மோதி, கண்ணைப் பறிக்கும் ஒரு புள்ளியாக அது உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. பலகை இருந்த இடம் இருட்டாகவே கிடந்தது.

"வெளிச்சத்துக்கும் ஞாயித்துக்கிழமை லீவு போலக்கா," என்றான் தம்பி.

அவள் சிரித்தாள். மீட்டர் அண்ணன் சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ஒரு நிமிஷம் ஆச்சு, அணைக்கிறேன்" என்று லேசரின் சாவியைத் திருப்பி உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிடம் எரிந்தால் இரண்டு நிமிடம் ஆற வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டயோடு கருகிப்போகும். மூன்று மாதம் காத்திருந்து கைக்கு வந்த சாமானை முதல் வாரமே கருக்கிக்கொள்ள மூவரில் யாருக்கும் மனசில்லை.

அவள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வாயும் கையும் சும்மா இருக்காத ஜாதி. மூன்றாமவர் பள்ளிக்கூடத்து இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர். எங்கே போனாலும் ஒளியின் பலத்தை அளக்கும் மீட்டரைப் பையில் தூக்கிக்கொண்டு வருவதால் சொந்தப் பெயர் போய், மீட்டர் என்பதே பெயராகிவிட்டது. கையடக்க லேசர்கள்மேல் இந்த மூவருக்கும் இருந்த பைத்தியத்தை அவரவர் வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடிந்ததில்லை. வெளியூரில் ஒருவர் தன் கையாலேயே கட்டிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு ஆர்டர் போட்டார்கள். டார்ச் லைட் அளவுக்கு, கறுப்பாக, கைக்குக் கனமாக, வெள்ளிக்கிழமைதான் பார்சலில் வந்து இறங்கியது. நீல ஒளி. மீட்டர் பக்கத்தில் வைத்து அளந்தபோது முள் ஐந்து வாட்டைத் தாண்டியது. தீக்குச்சி பற்றிக்கொண்டது. ஊதி வைத்திருந்த கறுப்பு பலூன் ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. தம்பி சின்னப் பிள்ளைபோல் கைதட்டினான்.

தூரத்துக்கு அடித்துப் பார்க்க நீளமான, இருட்டான இடம் வேண்டும் என்றபோது அவளுக்குத்தான் இந்த அறை நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரியின் அடித்தளம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் எடுத்த எக்ஸ்ரே படங்கள் எல்லாம் பழுப்பு உறைகளில் இங்கேதான் இருந்தன. இரண்டு பக்கமும் சுவரை ஒட்டிப் பதினான்கு பதினான்கு இரும்பு ரேக்குகள். கதவை ஒட்டி ஒன்று, கடைசிச் சுவரை ஒட்டிப் பதினான்கு என்று ஒவ்வொன்றின் காலிலும் வெள்ளைப் பெயிண்டால் எண் எழுதியிருந்தது. நடுவில் ஒரே நடைவழி. ஜன்னல் கிடையாது. வருடத்துக்கு இரண்டு தடவை திறந்தால் அதிகம். சாவி அவள் பொறுப்பு.

மேசையும் பிளக் பாயிண்டும் கடைசிச் சுவர்ப் பக்கம் இருந்ததால் அங்கேயே கடை பரப்பினார்கள். லேசர் கதவைப் பார்த்து இருந்தது. யாராவது தெரியாமல் திறந்து உள்ளே வந்தால் கண் போய்விடும் என்று மீட்டர் கதவை உள்ளிருந்து பூட்டச் சொன்னார். பூட்டிச் சாவியை அவள் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். விளக்கு ஸ்விட்ச் கதவுப் பக்கம் இருந்தது. அணைத்துவிட்டு டார்ச் அடித்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தார்கள். மூவரும் ஆரஞ்சுக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். அந்தக் கண்ணாடி நீல ஒளியை மொத்தமாக மறைத்துவிடும் என்பதால், போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, ஸ்டாண்டில் நிறுத்தி, திரையில்தான் கோட்டைப் பார்க்க வேண்டும். அதெல்லாம் மீட்டரின் ஏற்பாடு. கண் விஷயத்தில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"பலகை திரும்பிக்கிச்சோ என்னவோ. போய்ப் பாத்துட்டு வரேன்," என்று தம்பி டார்ச்சை எடுத்துக்கொண்டு போனான்.

டார்ச்சின் வட்டம் ஆடி ஆடிப் போனது. சிமெண்ட் தரையில் செருப்பின் சத்தம் தேய்ந்து தேய்ந்து, கதவில் போய் நின்றது. பலகையைத் தட்டும் ஓசை கேட்டது.

"நேராத்தான்க்கா தொங்குது. சூடே இல்ல. ஒரு கறுப்புக்கூட விழல."

திரும்பி வந்தபோது அவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

"ஏன்க்கா, நடுவுல ஒரு நாத்தம் அடிக்குதே. நகத்தைச் சுட்டா வருமே, அந்த மாதிரி."

"எலி ஏதாவது செத்துக் கெடக்கும்," என்றாள் அவள். செத்த எலியின் நாற்றம் அவளுக்குத் தெரியும். தம்பி சொன்னது அது இல்லை என்பதும் தெரிந்தது. ஆனாலும் அப்படித்தான் சொன்னாள்.

மீட்டர் சாவியைப் போட்டுத் திருப்பினார். திரையில் வெள்ளை நூல் மறுபடி நீண்டது. இந்த முறை மூவரும் அதன் நுனியைத் தேடினார்கள். நுனி இருந்தது. அதுதான் சங்கதி. டார்ச் வெளிச்சம்போல் மெல்ல மெல்ல மங்கி மறையவில்லை. கத்தரியால் வெட்டியதுபோல் ஓரிடத்தில் நின்றது. நின்ற இடத்தில் மணியளவுக்கு ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் பக்கத்து ரேக்கின் கால் தெரிந்தது. ஏழு.

"முதல்ல எடுத்ததை ஓட்டு," என்றார் மீட்டர்.

லேசரை அணைத்துவிட்டு, முதல் தடவை பதிவான வீடியோவைத் தம்பி ஓட்டினான். விரலால் திரையைப் பெரிதாக்கினான். அதிலும் நுனி இருந்தது. அப்போது யாரும் கவனிக்கவில்லை. அதன் பக்கத்தில் இருந்த எண் ஐந்து.

மீட்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஏதோ ஒரு படம் உறையிலிருந்து நழுவி ஒட்டடையில் தொங்குகிறது, கறுப்பு ஃபிலிம் ஒளியை விழுங்கத்தான் செய்யும், தம்பி நடந்து வந்த காற்றில் அது ஆடி இடம் மாறியிருக்கும் என்றார். சொல்லும்போதே அவருக்கு அதில் நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு பழைய ஃபைல் அட்டையை எடுத்துக்கொண்டு தானே கிளம்பினார்.

டார்ச் வெளிச்சத்தில் நடைவழி முழுக்கத் தெரிந்தது. இரண்டு பக்கமும் பழுப்பு உறைகள், நடுவே சுத்தமான தரை, கடைசியில் கதவு. ஒட்டடை இல்லை. தொங்கும் படம் இல்லை. ஏழாம் ரேக்குக்குப் பக்கத்தில் மீட்டர் நின்று அட்டையை இப்படியும் அப்படியும் வீசுவது தெரிந்தது. ஒருமுறை அட்டையைக் கீழே வைத்துவிட்டு வெறும் கையை வீசினார். பிறகு திரும்பினார். போனதைவிட வேகமாக வந்தார்.

"என்ன இருந்துச்சு?" என்றாள்.

"ஒண்ணும் இல்லம்மா."

உள்ளங்கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டே இருந்தார். அட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

அடுத்த முறை அவள் லேசரைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். சாவியைத் திருப்பியதும், யோசிக்காமல், நெற்றிக்கு மேலே கண்ணாடியை ஏற்றிவிட்டாள். மற்ற நாளாக இருந்தால் மீட்டர் கையிலேயே ஒன்று போட்டிருப்பார். இப்போது அவரும் தன் கண்ணாடியைக் கழற்றினார். தம்பியும் கழற்றினான்.

வெறும் கண்ணில் அந்த நீலம் வேறு மாதிரி இருந்தது. கனமாக, கம்பிபோல, தொட்டால் கையில் தடம் விழும் என்பதுபோல். தூசு அதற்குள் வந்து வந்து மின்னிப் போனது. கம்பி ஒன்பதாம் ரேக் வரைக்கும் போய் நின்றது. அங்கே, ஒன்றுமில்லாத வெட்டவெளியில், நெஞ்சு உயரத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நீலப்புள்ளி.

புள்ளி அசைந்துகொண்டிருந்தது.

கை நடுங்குகிறது என்று முதலில் நினைத்தாள். லேசரை மேசைமேல் அழுத்தி வைத்தாள். கோடு அசையாமல் நின்றது. புள்ளி மட்டும் நகர்ந்தது. ஒரு சாண் முன்னே வந்தது, நின்றது, ஒரு சாண் பின்னே போனது. மறுபடி முன்னே. அவசரமே இல்லாமல். அந்த அசைவை அவளால் தெரியாததுபோல் பாவிக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம், ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, நாள் ஒன்றுக்கு நாற்பது ஐம்பது பேருடைய நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் அவள். உலகத்தில் வேறு எதை மறந்தாலும் அதை மறக்க முடியாது.

"மூச்சு," என்றாள்.

"என்னக்கா?"

"மூச்சு விடுதுடா."

லேசரின் பின்பக்கத்தை மெல்ல நகர்த்தினாள். புள்ளி இடப்பக்கம் ஊர்ந்தது. வெட்டவெளியில், எதன்மேலோ வழுக்கிக்கொண்டு, ரேக்கின் விளிம்பு வரைக்கும் போனது. வலப்பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கமும் ரேக் வரைக்கும் போனது. நடைவழியின் அகலம் முழுக்க அது இருந்தது. மேலே தூக்கினாள். புள்ளி ஏறியது. மனிதத் தலை இருக்க வேண்டிய உயரத்தைத் தாண்டி ஏறியது. கூரையைத் தொடப் போனது. அங்கே முடிந்துவிடும் என்று அவள் எதிர்பார்த்தாள். முடியவில்லை. புள்ளி கூரையில் படாமல், அதற்கு ஒரு சாண் கீழே வெட்டவெளியிலேயே வளைந்து, அவர்களைப் பார்த்து நகர ஆரம்பித்தது. பத்தாம் ரேக். பதினொன்றாம் ரேக்.

இடம் பற்றாமல் குனிந்து நிற்கிறது. நெஞ்சு ஒன்பதில். தலை பதினொன்றில்.

லேசரின் உடம்பு கையைச் சுட்டது. மீட்டர் கை நீட்டிச் சாவியைத் திருப்பினார்.

இருட்டு.

இரண்டு நிமிடம் ஆற வேண்டும். வெறும் இரண்டு நிமிடம். தம்பி டார்ச்சைப் போட்டான். நடைவழி காலியாக இருந்தது. அத்தனை காலியாக ஒரு இடம் இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கதவின் பெயிண்ட்கூடத் தெரிந்தது. பலகையைக் கட்டிய கம்பி தெரிந்தது. பழுப்பு உறைகள் மட்டும் லேசாகச் சலசலத்தன. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில், வரிசையாக, ஒன்றையடுத்து ஒன்றாக. பெரிய உடம்பு ஒன்று ஒடுங்கி ஒடுங்கி வரும்போது உரசுவதுபோல. இரும்பு எங்கோ 'டிக்' என்றது. அடுத்த 'டிக்' இன்னும் கிட்டத்தில்.

"காத்துதானேக்கா," என்றான் தம்பி. குரல் அவனுடையதாக இல்லை. "ரெண்டு தடவை நான் நடந்தேன். ஒண்ணும் ஆகல. ஒரே ஓட்டமா ஓடிடலாம்."

"வேணாம்," என்றார் மீட்டர். "நான் அட்டையை வீசினேன் பாரு. அப்புறம் வெறுங்கைய வீசினேன். பாதியில என் கை நின்னுச்சு."

"என்ன சொல்றீங்க?"

"ஏதோ புடிச்ச மாதிரி இல்ல. ஈரமா, வெதுவெதுன்னு ஒண்ணுமேல பட்டு நின்னுச்சு. அதுவே நகந்து வழி விட்டுச்சு. உனக்கும் அப்படித்தான் விட்டிருக்கும். வரட்டும்னு விட்டிருக்கும்." கொஞ்சம் நிறுத்தி, "போக விடுமான்னு தெரியலடா தம்பி" என்றார்.

போனில் சிக்னல் இல்லை. இந்த அறையில் என்றைக்குமே இருந்ததில்லை. கத்தினால் கேட்க ஆள் இல்லை. இரும்புக் கதவு, மேலே ஞாயிற்றுக்கிழமை. முதுகுக்குப் பின்னால் சுவர். அவள் அந்தச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று பேரும் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

நாற்றம் வந்தது. சுட்ட நகம். சுட்ட முடி. ஐந்து வாட் ஒளி, மூன்று தடவை, தடவைக்கு ஒரு நிமிடம். அதைச் சுட்டிருக்கிறோம். அது அலறவில்லை. பின்வாங்கவில்லை. சுட்ட வெளிச்சத்தைத் தேடி ஒவ்வொரு தப்படியாக வந்துகொண்டிருக்கிறது.

இரண்டு நிமிடம் முடியவில்லை. அவளால் பொறுக்க முடியவில்லை. சாவியைத் திருப்பினாள்.

கோடு மிகச் சின்னதாக இருந்தது.

பன்னிரண்டாம் ரேக். ஆறு தப்படிகூட இல்லை. புள்ளி முன்னே வந்தது, பின்னே போனது. இவ்வளவு கிட்டத்தில் அது விழுந்த இடம் கொஞ்சம் தெரிந்தது. வெள்ளையும் இல்லாமல் கறுப்பும் இல்லாமல் சுருக்கம் விழுந்த ஏதோ. புள்ளியைச் சுற்றி மெல்லிய புகை. நெஞ்சு பன்னிரண்டில் இருந்தால் தலை எங்கே என்று அவள் கணக்குப் போடவில்லை. மேலே பார்க்கவில்லை. தம்பி மேலே பார்த்தான். அவன் கை அவள் முழங்கையை இறுக்கிப் பிடித்தது.

புள்ளி முன்னே வந்தது. இந்த முறை பின்னே போகவில்லை. இன்னும் முன்னே வந்தது.

அந்த நொடியில் அவளுக்குள் எதுவுமே ஓடவில்லை. பயம்கூட ஓடவில்லை. வாய் மட்டும், இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில், அது பாட்டுக்குத் திறந்தது. தினமும் சொல்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னது.

"மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

புள்ளி நின்றது.

ஐந்து நொடி. பத்து நொடி. முன்னேயும் போகவில்லை. பின்னேயும் போகவில்லை. உறைகளின் சலசலப்பு நின்றது. இரும்பு நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டு, நெஞ்சு நிமிர்த்தி, அடுத்த வார்த்தைக்காக அது காத்துக்கொண்டிருந்தது.

இந்த அறையில் எத்தனை ஆயிரம் நெஞ்சு. ஒவ்வொன்றும் அவளோ அவளுக்கு முன்னால் இருந்தவர்களோ அதே சொல்லைச் சொல்லி எடுத்தது. படத்துக்குள் இருக்கும் எந்த நெஞ்சும் இன்னும் மூச்சை விடவில்லை. அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவள் அதைத் துரத்தினாள்.

இரண்டாவது சொல்லைச் சொல்லக் கூடாது. அது ஒன்றுதான் தெளிவாக இருந்தது. 'விடலாம்' என்று சொன்னால் அது நகரும். சொல்லாத வரைக்கும் நேரம் இருக்கிறது.

லேசரை மேசைமேல் வைத்து, இரண்டு பக்கமும் உறைக் கட்டுகளை முட்டுக்கொடுத்தாள். புள்ளி அதே இடத்தில் இருந்தது. மழைக்காலத்தில் தரை ஈரம் ஏறுகிறது என்று போன வருடம்தான் எல்லா ரேக்குகளிலும் அடித்தட்டைக் காலி செய்து படங்களை மேலே ஏற்றியிருந்தாள். ஒரு முழ உயரத்துக்கு, சுவரோரமாக, இங்கிருந்து கதவு வரைக்கும் அடித்தட்டு காலி.

"கீழ பூந்து போயிடலாம்," என்று காதோடு காதாகச் சொன்னாள். "தம்பி, நீ முன்னால. அப்புறம் அண்ணன். கடைசியா நான். டார்ச் வேணாம்."

இருவரும் தலையாட்டினார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் ஓயாத தம்பிகூடப் பேசவில்லை. விவரம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

தம்பி குப்புறப்படுத்து உள்ளே நுழைந்தான். மீட்டர் நுழைந்தார். அவள் நுழைந்தாள்.

தகரம் முழங்கையை அறுத்தது. ரேக்கின் கால்களைத் தடவித் தடவி எண்ணினாள். பதினான்கு. பதிமூன்று. வலப்பக்கம், நடைவழியில், நீல வெளிச்சம் தரையில் வெளிறிக் கிடந்தது. பன்னிரண்டு. இப்போது அதற்குப் பக்கத்தில் இருக்கிறாள். ஒரு கை தூரம். வெப்பம் தெரிந்தது. அடுப்பு அணைத்த பிறகு அடுப்படியில் மிச்சம் இருக்குமே, அந்த வெப்பம். பார்க்காதே. முன்னே பார். மீட்டரின் செருப்பு. அதை மட்டும் பார்.

பதினொன்று.

பின்னால் 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம். நீலம் போய்விட்டது.

டயோடு கருகிவிட்டது.

இருட்டு. இனிமேல் அது எங்கே இருக்கிறது என்று தெரியாது. சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. அது பிடித்துக்கொண்டுதான் இருக்கும். போ. பத்து. ஒன்பது. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. முன்னால் போகிறவர்கள் மூச்சு கேட்கவே இல்லை. எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள். நான்தான் இரைக்கிறேன். ஏழு. கையில் ஏதோ பட்டது. மீட்டர் போட்டுவிட்டு வந்த அட்டை. ஐந்து. ஈரத் துணிபோல் ஏதோ ஒன்று அவள் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு போனது. அல்லது ரேக்கின் கிழிந்த உறை. உறைதான். உறைதான். மூன்று. இரண்டு.

ஒன்று.

எழுந்தாள். கோட்டுப் பை. சாவி. பலகையை ஒதுக்கினாள். சாவித் துளையை விரல் தேடியது. இல்லை. இல்லை. இருந்தது. திருப்பினாள். தள்ளினாள். மேலே படிக்கட்டின் ஜன்னலிலிருந்து பிற்பகல் வெயில் மஞ்சளாக வந்து முகத்தில் அறைந்தது. தம்பியை முதுகில் கைவைத்துத் தள்ளினாள். மீட்டரைத் தள்ளினாள். தானும் வெளியே விழுந்து, கதவைத் தள்ளி அடைத்து, பூட்டி, அதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு நின்றாள். இரும்பு குளிர்ந்திருந்தது. உள்ளே சத்தமே இல்லை.

"முடிஞ்சுதுடா," என்றாள். "வாங்க, மேல போயிடலாம்."

படியேறும் சத்தம் கேட்கவில்லை.

திரும்பினாள். இரண்டு பேரும் மூன்றாம் படியில் பக்கத்துப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தோள்கள் பின்னால் இழுத்து, நெஞ்சு நிமிர்ந்து, முகவாய் கொஞ்சம் மேலே தூக்கி. அவளுக்கு மிகவும் பழக்கமான நிற்பு. எக்ஸ்ரே தகட்டின் முன்னால் நிற்கும் நோயாளியின் நிற்பு. மீட்டரின் முகம் சிவந்து கறுக்க ஆரம்பித்திருந்தது. தம்பியின் உதட்டு ஓரம் நீலம் பாரித்திருந்தது.

"விளையாடாத," என்றாள்.

அவன் விளையாடவில்லை. கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் அவன் நெஞ்சில் கைவைத்தாள். பலகைபோல் இருந்தது. முதுகில் அடித்தாள். வாயைப் பிளக்கப் பார்த்தாள். உள்ளே இழுத்த காற்று உள்ளேயே இறுகி நின்றது. எப்போதிலிருந்து? அவள் சொன்ன அந்த நொடியிலிருந்து. தலையாட்டியபோது. தவழ்ந்தபோது. இவ்வளவு நேரமும்.

ஒரு சொல் சொன்னால் போதும்.

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று தம்பிக்குப் புரிந்துவிட்டது. தலையை ஆட்டினான். வேண்டாம். கதவைக் காட்டி, அவளைக் காட்டி, மறுபடி தலையாட்டினான். வேண்டாம்க்கா. மீட்டரின் முழங்கால் மடிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரியாமல் நின்றார். தம்பியின் விரல் நகங்கள் நீலமாகிக்கொண்டிருந்தன. அவள் படியிறங்கிக் கதவுக்கே வந்து, அதன்மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பூட்டு இருக்கிறது. இரும்பு இருக்கிறது. தான் இருக்கிறாள்.

"மூச்சை விடலாம்," என்றாள்.

மூச்சு வெளியே வந்தது.

நீண்ட மூச்சு. நிதானமான மூச்சு. வெகுநாள் பிடித்து வைத்ததை ஒரேயடியாக விடுவதுபோல் வந்துகொண்டே இருந்தது. வெதுவெதுப்பாக. சுட்ட நகத்தின் நாற்றத்தோடு. அது கதவுக்கு உள்ளேயிருந்து வரவில்லை. அவள் உச்சந்தலை முடியை மேலிருந்து கலைத்துக்கொண்டு, நெற்றி வழியாக, கண்ணிமை வழியாக இறங்கியது.

படியில் நின்ற இரண்டு பேரும் மூச்சை விடவில்லை. நெஞ்சு நிமிர்த்தியபடியே நின்றார்கள். தம்பியின் கண்கள் மட்டும் அவள் முகத்திலிருந்து கிளம்பி, மெல்ல, மெல்ல, அவள் தலைக்கு மேலே ஏறின. நிலைப்படிக்கு மேலே. படிக்கட்டின் கூரைக்கு. கூரையை ஒட்டி வளைந்து, அவனுக்கு நேர் மேலே வந்து நின்றன.